சிவப்புக் காரும் உருமி அண்ணனும்

அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் ஓர் அருங்காட்சியகத்தின் நான்காவது மாடியில் சிவப்புக் கார் ஒன்று நிற்கிறது. 1973ஆம் ஆண்டுத் தயாரிப்பு. கூரையை மடித்துவிடக்கூடிய காடிலாக் எல்டொராடோ. அதன் நீளத்திற்கு எங்கள் தாமானில் எந்த வீட்டு வாசலிலும் நிறுத்த முடியாது. பாதி கார் சாலைக்கு வந்துவிடும்.

இசைக் கண்காட்சி என்று கேள்விப்பட்டுத்தான் மேலே ஏறி வந்திருந்தேன். கித்தார் இருக்கும், மேடை உடைகள் இருக்கும், பழைய இசைத்தட்டுகள் இருக்கும் என்று நினைத்தேன். கார் இருக்கும் என்று நினைக்கவில்லை. உரிமையாளர் பெயரைப் பார்த்ததும்தான் சரியான இடத்திற்கு வந்திருக்கிறேன் என்று தெரிந்தது. சக் பெர்ரி.

கித்தார் கற்றுக்கொண்ட யாரும் அந்தப் பெயரைத் தாண்டி வந்திருக்க முடியாது. அவருடைய ‘ஜானி பி. குட்’ பாட்டின் தொடக்கத்தை எல்லாரும் ஒருமுறையாவது வாசித்துப் பார்த்து, விரல் வலித்து, நாளைக்குப் பார்க்கலாம் என்று கித்தாரை ஓரமாக வைத்திருப்போம். ஆனால் ராக் அண்ட் ரோல் என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது எங்கள் தாத்தாதான். கோலசிலாங்கூர் பக்கத்துத் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய காலத்திலேயே முடியை எல்விஸ் பிரெஸ்லி மாதிரி மேலே தூக்கிச் சீவியவர். எழுபது வயதிலும் அந்தச் சீப்பை விடவில்லை. வானொலியில் எல்விஸ் குரல் கேட்டால், “இவன்தான் கண்ணு முதல் ஆளு. இவனுக்கு அப்புறம்தான் மத்தவனெல்லாம்” என்பார். நானும் அதை அப்படியே நம்பித்தான் வளர்ந்தேன்.

ஐந்து வார மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் அமெரிக்கா போயிருந்தபோது, ஒரு வெள்ளிக்கிழமை எங்களுக்கு ஓய்வு கொடுத்தார்கள். நண்பர்கள் விண்வெளி அருங்காட்சியகத்திற்குப் போனார்கள். நான் தனியாக, ஆப்பிரிக்க அமெரிக்க வரலாறு மற்றும் பண்பாட்டுத் தேசிய அருங்காட்சியகத்திற்குப் போனேன். ஸ்மித்சோனியன் நிறுவனத்தைச் சேர்ந்தது. 2016 செப்டம்பர் 24ஆம் தேதி அப்போதைய அதிபர் ஒபாமா திறந்து வைத்தது. நுழைவுக் கட்டணம் இல்லை, நேரம் குறித்த சீட்டை முன்பதிவு செய்தால் போதும். மாணவர் கைச்செலவில் இருப்பவர்களுக்கு இதைவிட நல்ல செய்தி வேறில்லை. வெளியிலிருந்து பார்த்தால் வெண்கல நிறத்தில் மூன்று கூடைகளை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கியதுபோல் இருக்கும் கட்டடம்.

முதலில் பாதாளம்

எல்லாரும் நேராக மேலே போவதில்லை. போகவும் கூடாது என்று இப்போது தோன்றுகிறது. வரலாற்றுப் பகுதி தரைக்குக் கீழே இருக்கிறது. பெரிய மின்தூக்கி ஒன்று கீழே இறக்கிவிடும். இறங்க இறங்கச் சுவரில் ஆண்டுகள் பின்னோக்கி ஓடும். கதவு திறக்கும்போது பதினைந்தாம் நூற்றாண்டில் நிற்கிறோம். அங்கிருந்து அடிமை வணிகம், பருத்தித் தோட்டம், உள்நாட்டுப் போர் என்று சரிவுப் பாதையில் மெல்ல மேலேறி வர வேண்டும்.

வழியில் ஒரு ரயில் பெட்டி. வெள்ளையர்களுக்கு ஒரு பகுதி, கறுப்பினத்தவர்களுக்கு ஒரு பகுதி என்று நடுவில் தடுத்துக் கட்டியது. உள்ளே நடந்து போகலாம். கறுப்பினத்தவர் பகுதியில் கழிவறைகூட நெருக்கிப் பிழிந்ததுபோல் இருந்தது. பயணப்பெட்டி வைக்க இடமில்லை. ஒரே பெட்டி, ஒரே தண்டவாளம், நடுவில் ஒரு பலகை.

அதற்கும் பிறகு ஒரு சிறிய அறை. அங்கே படம் எடுக்கக் கூடாது. உள்ளே இருப்பது ஒரு சவப்பெட்டி. எம்மெட் டில் என்ற 14 வயதுச் சிறுவனை அடக்கம் செய்த பெட்டி. சிகாகோவிலிருந்து மிசிசிப்பிக்கு உறவினர் வீட்டிற்குப் போனவன், ஒரு கடையில் வெள்ளையினப் பெண்ணிடம் முறைகேடாக நடந்துகொண்டான் என்ற குற்றச்சாட்டின் பேரில் 1955 ஆகஸ்டு 28ஆம் தேதி கடத்திக் கொல்லப்பட்டான். சிதைந்த முகத்தை உலகம் பார்க்கட்டும் என்று அவன் தாயார் பெட்டியைத் திறந்தே வைத்து இறுதிச் சடங்கு நடத்தினார். பின்னாளில் உடலைத் தோண்டி எடுத்து வேறு பெட்டியில் அடக்கம் செய்தபோது, இந்தப் பழைய பெட்டி தனியாக மிஞ்சியது. வரிசையில் என் முன்னால் நின்ற ஒரு பாட்டி அந்த அறையை விட்டு வெளியே வந்து அப்படியே ஒரு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். யாரும் அவரிடம் எதுவும் கேட்கவில்லை.

இதையெல்லாம் பார்த்துவிட்டு நான்காவது மாடிக்குப் போனால்தான் அந்தச் சிவப்புக் கார் எதற்கு என்று விளங்கும்.

சக் பெர்ரி 1926இல் மிசூரி மாநிலத்தின் செயிண்ட் லூயிஸ் நகரில் பிறந்தவர். அந்த ஊரில் ஃபாக்ஸ் தியேட்டர் என்று அரண்மனை போன்ற ஒரு திரையரங்கு உண்டு. சிறுவனாக இருந்தபோது அப்பாவுடன் படம் பார்க்கப் போனவரை, கறுப்பினத்தவர் என்பதால் உள்ளே விடவில்லை. 1986இல் அவருக்கு 60 வயது நிறைவடைந்தபோது அதே ஃபாக்ஸ் தியேட்டரில்தான் இசை நிகழ்ச்சி. அது ஆவணப்படமாகவும் வந்தது. அந்தப் படத்தில் இந்தக் காடிலாக் காரை அவர் திரையரங்கின் மேடைக்கே ஓட்டி வருகிறார். வாசலைத் தாண்ட விடாத இடத்தில் மேடைவரை காரில். இப்படி ஒரு பதிலடியை நான் எந்தத் தமிழ்ப் படத்திலும் பார்த்ததில்லை.

அதே 1955

கண்காட்சியில் அவருடைய கித்தாரும் இருக்கிறது. அதற்கு அவர் வைத்த பெயர் ‘மேபெலின்’. அவருடைய முதல் பாட்டின் பெயரும் அதுவே. 1955 மே மாதம் சிகாகோவில், செஸ் என்ற சிறிய நிறுவனத்தில் பதிவானது. போலந்திலிருந்து குடியேறிய இரண்டு யூத சகோதரர்கள் நடத்திய நிறுவனம் அது. ஐடா ரெட் என்ற பழைய நாட்டுப்புறப் பாட்டை எடுத்து, கார் பந்தயமும் காதல் ஏமாற்றமும் கலந்து, வேகத்தைக் கூட்டி, கித்தாரை உறும விட்டார் பெர்ரி. அந்த ஆண்டு கோடையில் வெள்ளையினப் பிள்ளைகளும் கறுப்பினப் பிள்ளைகளும் ஒரே பாட்டுக்கு ஆடினார்கள்.

கொஞ்சம் முன்னால் கீழே நான் பார்த்த சவப்பெட்டியும் அதே கோடையைச் சேர்ந்ததுதான். வானொலியில் ‘மேபெலின்’ ஒலித்துக்கொண்டிருந்த அதே ஆகஸ்டில்தான் எம்மெட் டில் மிசிசிப்பிக்கு ரயில் ஏறினான். இந்த இரண்டையும் நான் பள்ளியில் தனித்தனியாகக்கூட படித்ததில்லை. ஒரே நாளில், ஒரே கட்டடத்தில் சேர்த்துப் பார்த்தபோது தலை சுற்றியது.

அன்று இரவு விடுதி அறையில் உட்கார்ந்து இந்தப் பாட்டுகளின் கதைகளைத் தேடித் தேடிப் படித்தேன். ‘மேபெலின்’ பாட்டை எழுதியவர் என்று இசைத்தட்டில் மூன்று பெயர்கள் இருந்தன. ஒன்று பெர்ரி. இன்னொன்று ஆலன் ஃப்ரீட், புகழ்பெற்ற வானொலி அறிவிப்பாளர். பாட்டில் அவர் ஒரு சொல்லும் எழுதவில்லை. ஆனால் அவர் ஒலிபரப்பினால்தான் பாட்டு ஓடும். மூன்றாவது ரஸ் ஃப்ராட்டோ. செஸ் சகோதரர்களோடு வியாபாரத் தொடர்பு உள்ளவர். பாட்டு வெளியான பிறகே பெர்ரிக்கு இந்த விஷயம் தெரியவந்தது. அந்த இரண்டு பெயர்களும் நீங்க 1986ஆம் ஆண்டு ஆயிற்று. முப்பது ஆண்டுக்கும் மேல், எழுதாதவர்கள் எழுதியவர்களாக இருந்தார்கள். பெயர் என்பது வெறும் பெருமைக்கு மட்டுமல்ல. ஒவ்வொரு முறை பாட்டு ஒலிக்கும்போதும் வரும் உரிமைப் பணம் அந்தப் பெயர்களின் வழியேதான் போகும்.

பெர்ரி ஒன்றும் உத்தமர் இல்லை. வாழ்நாளில் மூன்று முறை சிறை சென்றவர். அதை மறைத்து அவரைப் புனிதராக்க வேண்டிய அவசியம் எனக்கில்லை. ஆனால் 1977இல் வாயேஜர் விண்கலங்களில் பூமியின் ஒலிகளைத் தங்க முலாம் பூசிய தட்டில் பதித்து அனுப்பினார்களே, அதில் ஒரே ஒரு ராக் அண்ட் ரோல் பாட்டுக்குத்தான் இடம் கிடைத்தது. அது அவருடைய ‘ஜானி பி. குட்’. (அந்தத் தட்டில் 55 மொழிகளில் வாழ்த்து இருக்கிறது. தெலுங்கும் கன்னடமும் இருக்கின்றன, தமிழ் இல்லை. இதைப் படித்ததும் எனக்கும் கொஞ்சம் கோபம் வந்தது.)

தாத்தா கேட்காத பெயர்கள்

இனி தாத்தாவின் ‘முதல் ஆளு’ விஷயத்திற்கு வருகிறேன்.

எல்விஸின் முதல் இசைத்தட்டு 1954 ஜூலையில் மெம்பிஸ் நகரில் வந்தது. ‘தட்ஸ் ஆல் ரைட்’. அதை எழுதி 1946லேயே பாடிப் பதிவு செய்தவர் ஆர்தர் க்ரூடப் என்ற மிசிசிப்பிக்காரர். தனக்குச் சேர வேண்டிய பணத்திற்காக அலைந்தே அவர் காலம் போயிற்று; 1974இல் இறந்துபோனார். 1956இல் எல்விஸை உலகமே கொண்டாடிய ‘ஹவுண்ட் டாக்’ பாட்டை அவருக்கு முன்பே பதிவு செய்தவர் பிக் மாமா தோர்ன்டன். எழுதியவர்கள் லீபர், ஸ்டோலர் என்ற இரண்டு வெள்ளையின இளைஞர்கள். அப்போது இருவருக்கும் வயது 19. 1953இல் தோர்ன்டனின் பதிவு, கறுப்பினத்தவர் இசைக்கென்று தனியாக வைத்திருந்த தரவரிசையில் ஏழு வாரம் முதலிடத்தில் இருந்தது. ஆமாம், ரயில் பெட்டியைப் போலவே பாட்டுக்கும் நடுவில் பலகை போட்டிருந்தார்கள். அந்தப் பாட்டுக்காகத் தனக்குக் கிடைத்தது 500 டாலர் காசோலை ஒன்றுதான் என்று தோர்ன்டன் சொல்லியிருக்கிறார்.

இதற்காக எல்விஸைத் திருடன் என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. நான் அப்படிச் சொல்ல மாட்டேன். தாத்தாவுக்காக மட்டும் இல்லை. இந்த இசையைக் கறுப்பினத்தவர் தனக்கு முன்பே பாடிவந்தார்கள் என்று எல்விஸே பேட்டிகளில் சொன்னவர். க்ரூடப்பின் பெயரையும் சொன்னவர். அவர் சொன்னாலும் பணம் எந்த வழியில் போனது, வானொலி நிலையங்கள் யாருடைய பதிவைத் தேர்ந்தெடுத்தன என்பதுதான் கேள்வி. லிட்டில் ரிச்சர்ட் தொண்டை கிழியப் பாடிய ‘டுட்டி ஃப்ருட்டி’யை, பேட் பூன் என்ற வெள்ளையினப் பாடகர் இஸ்திரி போட்டதுபோல் பாடினார். பொதுத் தரவரிசையில் இஸ்திரி போட்டதுதான் மேலே போனது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். சிரிப்பு வராவிட்டால் என்னிடம் சொல்லுங்கள்.

இவர்கள் எல்லாருக்கும் முன்னால் ஒருவர் இருந்தார். சகோதரி ரோசெட்டா தார்ப். 1915இல் ஆர்கன்சா மாநிலத்தில் பிறந்தவர். தேவாலயப் பாடகி, மின்கித்தாரைத் தோளில் மாட்டிக்கொண்டு பக்திப் பாட்டுப் பாடியவர். அவர் வாசிப்பதைக் காணொளியில் பார்த்தபோது நான் படுக்கையிலிருந்து எழுந்து உட்கார்ந்துவிட்டேன். 1964, இங்கிலாந்தின் மான்செஸ்டரில் கைவிடப்பட்ட ஒரு ரயில் நிலையம், மழை ஈரம், நீளமான மேலங்கி. ஒரு அம்மா சமையலறையில் காய் நறுக்குகிற சாதாரணத்தோடு அவர் கித்தாரை முழங்க விடுகிறார். ‘பொம்பளைப் பிள்ளைக்கு எதுக்கு கித்தார், வீணை கத்துக்கலாமே’ என்று உறவினர்கள் சொன்னதைக் கேட்டு வளர்ந்தவள் நான். இந்தக் காணொளி அப்போது கையில் இருந்திருந்தால் அவர்களுக்குப் போட்டுக் காட்டியிருப்பேன்.

லிட்டில் ரிச்சர்டைச் சிறுவனாக இருந்தபோதே மேடையேற்றியவரும் தார்ப் தான். 1973இல் அவர் இறந்தபோது கல்லறையில் பெயர்ப்பலகைகூட இல்லை. முப்பது ஆண்டுகளுக்கும் மேல் அப்படியே கிடந்து, பிறகு இரசிகர்கள் பணம் திரட்டிக் கல் வைத்தார்கள். ராக் அண்ட் ரோல் புகழ் மண்டபத்தில் அவர் பெயர் சேர்ந்தது 2018இல். அந்த மண்டபம் 1986இலேயே முதல் பத்துப் பேரைத் தேர்ந்தெடுத்துவிட்டது. பெர்ரி, எல்விஸ், லிட்டில் ரிச்சர்ட் எல்லாரும் அதில் இருந்தார்கள். பத்து பேரில் ஒரு பெண்கூட இல்லை.

அடி யாருடையது?

இதுவரை படித்தபோது நான் நல்லவர்கள் பக்கம் நின்று கோபப்பட்டுக்கொண்டிருந்தேன். போ டிட்லி வந்ததும் நிலைமை மாறியது.

போ டிட்லி 1928இல் மிசிசிப்பியில் பிறந்து சிகாகோவில் வளர்ந்தவர். சிறுவயதில் வயலின் கற்றவர். பிறகு சதுரப் பெட்டி போன்ற கித்தார் ஒன்றைத் தாமே செய்துகொண்டவர். 1955இல் தன் பெயரையே தலைப்பாக வைத்து ஒரு பாட்டு வெளியிட்டார். அந்தப் பாட்டில் மெட்டு பெரிதாக ஒன்றும் இல்லை. எல்லாம் அடிதான். மூன்று அடி, சின்ன இடைவெளி, இரண்டு அடி. மேசையில் தட்டிப் பாருங்கள், உங்களுக்கே தெரிந்துவிடும். எங்கோ கேட்டிருக்கிறோமே என்று தோன்றும். தோன்றத்தான் செய்யும். படி ஹாலி 1957இல் அதை எடுத்தார். ரோலிங் ஸ்டோன்ஸ், ஜார்ஜ் மைக்கல், யூ2 என்று வரிசையாக எல்லாரும் எடுத்தார்கள். இன்றுவரை அதன் பெயரே ‘போ டிட்லி அடி’. ஆனால் அதற்காக அவருக்கு யாரும் பணம் தர வேண்டியதில்லை. உரிமைப் பணம் பாட்டின் சொல்லுக்கும் மெட்டுக்கும்தான் வந்தது, தாளக்கட்டுக்கு வரவில்லை. அந்த மனக்குறை அவருக்கு 2008இல் இறக்கும்வரை இருந்தது.

அந்த அடியும் அவர் காற்றிலிருந்து பிடித்ததில்லை. அதற்குப் பின்னால் ‘ஹாம்போன்’ என்ற பழக்கம் இருக்கிறது. தொடையிலும் நெஞ்சிலும் கையால் தட்டித் தாளம் எழுப்புவது. 1739இல் தென் கரோலினாவில் அடிமைகள் பறை கொட்டிக்கொண்டு கிளர்ச்சியில் இறங்கினார்கள். மறு ஆண்டே அவர்கள் பறை வைத்திருப்பதைச் சட்டம் போட்டுத் தடுத்தார்கள். கையில் கருவி இல்லாதவர்கள் உடம்பையே தோற்கருவி ஆக்கிக்கொண்டார்கள்.

இதைப் படித்ததும் எனக்கு உருமி அண்ணன் நினைவு வந்துவிட்டது.

எங்கள் தாமானில் எல்லாரும் அவரை அப்படித்தான் கூப்பிடுவார்கள். பகலில் லாரி ஓட்டுகிறார். வெள்ளி இரவுகளில் கோயிலுக்குப் பின்னால் உள்ள திடலில் அவருடைய உருமி மேளக் குழு பயிற்சி செய்யும். தைப்பூசத்தில் காவடி எடுப்பவர் அசையாமல் நின்றுவிட்டால் அவர்கள் ஓர் அடி அடிப்பார்கள். தவில் நான்கு தட்டு தட்டி நிற்கும். உருமி உடனே வராது. அரைத் தாளம் தாமதித்து, வளைந்த குச்சி தோலில் உரசி, அடித்தொண்டையிலிருந்து வருவதுபோல் ஒரு உறுமல் வரும். காவடி நகர்ந்துவிடும். சின்ன வயதிலிருந்து ஜன்னல் வழியே கேட்டுக் கேட்டு அது என் உடம்பில் ஏறிவிட்டது.

சென்ற ஆண்டு பல்கலைக்கழகக் கலை இரவுக்காக நாங்கள் மூன்று பேர் ஒரு பாட்டு அமைத்தோம். பாட்டுக்கு முதுகெலும்பே அந்த அடிதான். உருமிக்குப் பதில் கித்தார்க் கம்பியை உள்ளங்கையால் தேய்த்தேன். முதல் பரிசு கிடைத்தது. 1,500 ரிங்கிட், ஆளுக்கு ஐந்நூறு. வலையொளியில் போட்டோம். ‘இசை’ என்ற இடத்தில் எங்கள் மூவர் பெயர் மட்டும் இருந்தது.

ஒரு கல்யாண வீட்டில் உருமி அண்ணன் என்னைப் பார்த்து, “பாப்பா, பாட்டு கேட்டேன். நம்ம அடி மாதிரி இருக்கே?” என்றார்.

“ஆமாண்ணே, சும்மா கொஞ்சம் எடுத்துப் போட்டோம்” என்றேன்.

“பரவால்ல, நல்லா வந்திருக்கு” என்று சிரித்துவிட்டுப் பந்தியில் பாயசம் எடுக்கப் போய்விட்டார்.

‘சும்மா கொஞ்சம்’. வாஷிங்டன் விடுதி அறையில் இந்த இரண்டு சொற்களும் திரும்பத் திரும்பக் காதில் விழுந்தன. சட்டப்படி நான் தவறு செய்யவில்லை. தாளம் யாருக்கும் சொந்தமில்லை. போ டிட்லியிடமும் இதைத்தானே சொன்னார்கள்.

கடைசியாகப் படித்த கதை என்னைத் தூங்கவிடவில்லை. சக் பெர்ரியின் பியானோ கலைஞர் ஜானி ஜான்சன். உண்மையில் குழு அவருடையது. 1952ஆம் ஆண்டின் கடைசி இரவு நிகழ்ச்சிக்கு ஆள் குறைந்ததால் பெர்ரியைக் கூப்பிட்டுச் சேர்த்துக்கொண்டவர் அவர்தான். பெர்ரியின் புகழ்பெற்ற பாட்டுகள் பலவற்றில் பியானோ அவருடையது. பிறகு காலம் மாறியது. 1980களில் ஜான்சன் செயிண்ட் லூயிஸில் முதியோரை ஏற்றிச் செல்லும் பேருந்து ஓட்டிக்கொண்டிருந்தார். அந்த 60ஆவது பிறந்தநாள் நிகழ்ச்சிதான் அவரை மீண்டும் மேடைக்குக் கொண்டுவந்தது. 2000இல் அவர் நீதிமன்றம் போனார். பாட்டுகளை உருவாக்கியதில் தனக்கும் பங்குண்டு, ஆனால் பெயர் பெர்ரிக்கு மட்டும் போயிற்று என்பது வழக்கு. காலம் கடந்துவிட்டது என்று 2002இல் வழக்கு தள்ளுபடியானது. 2005இல் ஜான்சன் இறந்தார்.

‘மேபெலின்’ பாட்டில் தன் உரிமையை இழந்தவர்மேல், இன்னொருவர் அதே குறையோடு வந்து நிற்கிறார். யார் சொல்வது எவ்வளவு உண்மை என்று என்னால் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஒத்திகை அறையில் நான் இல்லை. ஆனால் பேருந்து ஓட்டிய அந்தப் பியானோக்காரரைப் படித்தபோது லாரி ஓட்டுகிற ஒருவரின் முகம்தான் தெரிந்தது.

மணி பார்த்தேன். வெள்ளி இரவு பத்து. கிள்ளானில் சனிக்கிழமை காலை பத்து. புலனத்தில் அழைத்தேன். பின்னணியில் கடைச் சத்தம். தே தாரேக் குடித்துக்கொண்டிருந்தார்.

“அண்ணே, அந்தக் கலை இரவுப் பாட்டுல உங்க பேரைப் போடணும்.”

“அதுக்கா அமெரிக்காவுல இருந்து கூப்பிடுற? காசு போகாது?”

“புலனம்தாண்ணே, காசு போகாது. உங்ககிட்ட கேட்காம எடுத்துட்டேன். மன்னிச்சிருங்க.”

கொஞ்ச நேரம் கடைச் சத்தம் மட்டும் கேட்டது. கோபமோ என்று பயந்தேன். அவர் யோசித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

“என் பேரை மட்டும் போட்டா தப்பாயிடும் பாப்பா. அந்த அடி எங்க மாமா எனக்குச் சொல்லிக் கொடுத்தது. சபாக் பெர்ணம் பக்கம் தோட்டத்துல இருந்தாரு, இப்ப இல்ல. அவருக்கு யாரு சொன்னாங்கன்னு எனக்குத் தெரியாது. மாமா பேரை முதல்ல போடு. அந்த உருமி கொஞ்சம் பிந்தி வருதுல்ல, அது மட்டும்தான் என்னோடது. அதுக்கு என் பேரைப் போடு.”

பரிசுப் பணத்தில் பங்கு தருகிறேன் என்றேன். வாங்கமாட்டேன் என்றார். வற்புறுத்தியதும், “அப்படின்னா உருமிக்கு ஒரு தோல் வாங்கிக் குடு. பழசு கிழிஞ்சு கெடக்கு” என்றார். என் ஐந்நூறு எப்போதோ கித்தார்க் கம்பிக்கும் சாப்பாட்டுக்கும் போய்விட்டது. ஊர் திரும்பியதும் அம்மாவிடம் கடன் வாங்கி, தெங்கு கிளானா சாலையில் கடை கடையாக விசாரித்து வாங்கிக் கொடுத்தேன்.

என் நண்பர்கள் இருவரில் ஒருவன் உடனே சரி என்றான். மற்றவன் ஒரு வாரம் வாதாடினான். இப்படிப் பார்த்தால் கித்தார் கண்டுபிடித்தவனுக்கும் பெயர் போட வேண்டியதுதானே என்றான். அவனுக்கு நான் போ டிட்லியையும் ஜானி ஜான்சனையும் அனுப்பினேன். கேட்டுவிட்டு, “சரி, போடு. ஆனா நம்ம பேரு கீழ இருக்கணும், எடுத்துடாத” என்றான். அது நியாயம்தான்.

இந்தக் கட்டுரை எழுதப் போகிறேன் என்றபோது உருமி அண்ணனிடம் பெயர் போடலாமா என்று கேட்டேன். “பேப்பர்ல வேணாம். பாட்டுல போட்டாப் போதும்” என்றுவிட்டார். அதனால்தான் இங்கே அவர் பெயர் இல்லை.

பாட்டின் கீழே இப்போது இரண்டு வரிகள் கூடுதலாக இருக்கின்றன. போட்ட அன்று இரவே அவரிடமிருந்து குரல்பதிவு வந்தது. நன்றி சொல்கிறார் போலிருக்கிறது என்று திறந்தேன்.

“பாப்பா, மாமா பேருக்கு முன்னாடி இனிஷியலை விட்டுட்ட. சேர்த்துப் போட்டுடு.”